பேட்டுக்கு மாட்டிய ரேடியேட்டர் ஹோஸ்

என் டூல் ஸ்டோரின் கம்பி ஜன்னலுக்கு வெளியே அன்றைக்குக் காலையில் நான்கு பேர் நின்றார்கள். முன்னால் மெயின்டனன்ஸ் மேனேஜர் சேகர் சார். இரண்டு கைகளிலும் ஒரு கிரிக்கெட் பேட்டை ஏந்திக்கொண்டு நின்றார், ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி.

பேட்டின் கைப்பிடியில் கறுப்பாக, தடியாக ஒன்று மாட்டியிருந்தது. மேலே ஒரு இரும்பு கிளிப், கீழே ஒரு இரும்பு கிளிப். இரண்டையும் ஸ்குரூ வைத்து முறுக்கியிருந்தார்கள். புது ரப்பர் வாசனை கம்பியைத் தாண்டி உள்ளே வந்தது. அந்த வாசனை எனக்குப் புதிதல்ல. எத்தனையோ வருஷமாக அதைத்தான் புடவையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

"சார், இது நம்ம ரேடியேட்டர் ஹோஸ்தானே?" என்றேன்.

"ஹோஸ் இல்ல ஸ்டெல்லா. கிரிப்" என்றார் சேகர் சார். குரலில் சுரத்தே இல்லை.

பின்னால் நின்ற மூன்று பேரும் கைதட்டினார்கள்.

டோக்கன் இல்லையென்றால் டூல் இல்லை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில், கார் என்ஜினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், செய்கிற ஒரு கம்பெனியில் டூல் ஸ்டோருக்கு நான் பொறுப்பு. ஸ்பேனர், சுத்தியல், கத்தரிக்கோல், எது வேண்டுமானாலும் என் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. டோக்கனைக் கொடுத்தால் டூலைக் கொடுப்பேன். டூல் தொங்கிய ஆணியில் அந்த டோக்கன் தொங்கும். டூல் திரும்பி வந்தால்தான் டோக்கன் திரும்பும். ஒருமுறை ஜி.எம். வந்து ஸ்குரூடிரைவர் கேட்டார். டோக்கன் கேட்டேன். ஜி.எம்.முக்கு டோக்கன் கிடையாது. எனவே ஸ்குரூடிரைவரும் கிடையாது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் அவர் சிரிப்பார், ஆனால் பல் தெரியாது.

இன்னொரு விதியும் உண்டு. கம்பெனிப் பொருள் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் கம்பெனி வண்டியில்தான் தாண்ட வேண்டும். கூடவே பொறுப்பான ஆள் ஒருவர் போக வேண்டும். தராசு சரிபார்க்கும் எடைக்கல் ஒன்றை ஒருமுறை மெட்ராஸுக்கு அனுப்பினோம். எடைக்கல் கம்பெனிக் காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு போனது. கூடப் போன ஆள் பின்னால் டயருக்கும் டிபன் கேரியருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு போனார். திரும்பும்போது எடைக்கல்லுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவருக்கு முதுகுவலி கிடைத்தது.

கம்பெனி பொருளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது, ஆளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. இந்தக் கதைக்கு அது வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

கேட்டது கிடைக்கும்

தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் பெண்களுக்கென்று ஒரு கிரிக்கெட் போட்டி வைத்தார்கள். சோழவரம் ஏரிக்குப் பக்கத்து மைதானம். எங்கள் ஜி.எம். கேன்டீனில் மைக் பிடித்தார். கல்லூரியில் தான் ஓப்பனிங் பேட்ஸ்மேன் என்பதைச் சொல்லிவிட்டு, "கோப்பையோட வாங்கம்மா. நீங்க கேட்டது கிடைக்கும்" என்றார்.

பெரியவர்கள் மைக்கில் சொல்வதை நாங்கள் பொதுவாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்போம். அன்றைக்கு ஒருத்தி மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் வளர்மதி.

வளர்மதி ஹோஸ் வெட்டும் லைனில் வேலை செய்கிறாள். புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போனால் ஏரிக்கரை காலனி, அங்கே வீடு. அவள் அம்மா அடுத்தவர் வயலில் களை பறித்தவர். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிய முதல் ஆள் இவள். அந்தக் கார்டை வீட்டுக்குப் போனாலும் கழற்ற மாட்டாள், சமைக்கும்போது முந்தானைக்குள் செருகிக்கொள்வாள்.

கம்பெனி பஸ் கூட்டுரோட்டோடு நின்றுவிடும். இரண்டாம் ஷிப்ட் முடிந்தால் அங்கிருந்து நடைதான். வழியில் ஒரு ஒயின் ஷாப், நிறுத்திவைத்த லாரிகள், நாய்கள். லாரியை விடவும் நாயை விடவும் ஒயின் ஷாப் வாசலில் நிற்கிறவர்கள்தான் அவளுக்குப் பயம். ஒருவன் சில நாளாகப் பின்னாலேயே வருகிறான் என்றாள். அவள் புருஷன் ஏழுமலைக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை. அவனுக்கும் ஷிப்ட். வந்து கூட்டிப்போக வழியில்லை.

"பொங்கலுக்குள்ள பஸ்ஸு காலனிக்கு வர்லன்னா வேலைய வுட்டுடுன்னு சொல்லிக்கினு கீறாருக்கா" என்றாள் என் ஜன்னலில் நின்று. "அவர் மேலயும் தப்பில்ல. இன்னா பண்றது?"

பஸ் கேட்டு ஏற்கெனவே எத்தனையோ மனு போயிருந்தது. வண்டி திரும்ப இடமில்லை என்று பதில் வந்தது. அதே காலனிக்குள் தண்ணீர் லாரி திரும்புகிறது, கல்யாண பஸ் திரும்புகிறது, ஓட்டுக் கேட்கிறவர்களின் பெரிய பெரிய வண்டிகள் எல்லாம் திரும்புகின்றன. கம்பெனி பஸ் மட்டும் திரும்பாதாம்.

ஆகவே எங்கள் பெண்களுக்குக் கோப்பை வேண்டும். கோப்பைக்காக இல்லை, பஸ்ஸுக்காக.

வெளி ரப்பர் எதற்கு?

பேட் வாங்கினார்கள். நல்ல பேட். நீல நிற கிரிப் போட்டு வந்தது. கூடவே மாற்றுவதற்கு ஒரு உபரி கிரிப், அதை ஏற்றுவதற்கு ஒரு மரக் கூம்பு. கூம்பு, உள்ளங்கைக்கு அடங்குகிற பம்பரம் மாதிரி இருந்தது. கிரிப்பை அதன் மேல் சுருட்டி ஏற்றி, கூம்பைப் பேட்டின் தலையில் வைத்து, கீழே உருட்டிவிட வேண்டும். கிரிப் மாற்ற வேறு எதுவும் தேவையில்லை என்று பெட்டிக்குள் இருந்த படமே சொன்னது.

ஜி.எம். பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கண் கிரிப்பில் நின்றது.

"நாம ரப்பர் கம்பெனி. நம்ம பேட்ல வெளி ரப்பரா?"

போதாதா? நீல கிரிப்பை அன்றைக்கே அறுத்து எறிந்தார்கள். கம்பெனி ஹோஸையே மாட்டுவது என்று முடிவானது. மாட்டுவதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்றும் முடிவானது. மரக் கூம்பை என் ஸ்டோரில் வரவு வைக்கலாமா என்று கேட்டேன். டிராயிங் நம்பர் இல்லாத சாமானை வரவு வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கூம்பும் உபரி கிரிப்பும் அநாதையாக என் கைப்பைக்குள் போய்ச் சேர்ந்தன.

மெஷின் வந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, ஃபிரிட்ஜ் உயரத்துக்கு. காற்றழுத்தத்தில் ஹோஸை விரித்துப் பேட்டின் கைப்பிடியில் ஏற்றும். பாதுகாப்புக்காக, ஒருவர் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். அப்படியானால் பேட்டை யார் பிடிப்பது? இன்னொருவரை விட்டார்கள். இன்னொருவர் கை உள்ளே போனதும், பாதுகாப்புக்காக, மெஷின் நின்றுவிடும். அவர் கையை எடுத்தால் மெஷின் ஓடும், பேட் கீழே விழும்.

கடைசியில் சேகர் சாரும் மூன்று பேரும் சோப்புத் தண்ணீரைத் தடவி, ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கையாலேயே மாட்டிவிட்டு, பேட்டை மெஷின் மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சேகர் சார் நல்ல வேலைக்காரர். அவர் கை பட்டால் எந்த பம்ப்பும் பேசும். ஜி.எம். முன்னால் மட்டும் அவர் வாய் பேசாது, அதுதான் கோளாறு.

அப்படித்தான் அந்த பேட் என் ஜன்னலுக்கு வந்தது. கம்பெனிப் பொருள் மாட்டியிருப்பதால் அதுவும் கம்பெனி டூல், வரவு வை என்று ஜி.எம். உத்தரவு. நம்பர் போட்டு ஆணியில் மாட்டினேன்.

வளர்மதி பிடித்துப் பார்த்தாள். அவள் விரல்கள் பாதிதான் சுற்றின. கிளிப்பின் ஸ்குரூ சரியாகக் கட்டைவிரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது.

"அம்மிக் கொழவிய புட்ச்ச மாதிரி கீதுக்கா. இத்த வச்சிக்கினு எப்டி ஆட்றது?"

சேகர் சாரிடம் சொன்னேன். சேகர் சார் ஜி.எம்.மிடம் சொல்வதாகச் சொன்னார். ஜி.எம். எங்களிடம் சொன்னார்: "ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் வெடிக்காதும்மா இந்த கிரிப்."

எங்கள் அணியில் யாரும் அவ்வளவு தூரம் ஓடுவதாக இல்லை.

டிரையல் பால்

போட்டி அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் வேனில் நின்றுகொண்டே சோழவரம் போனோம். பேட் கம்பெனிப் பொருள் அல்லவா, அது ஜி.எம். காரில் ஏ.சி.யில் வந்தது.

முதல் பந்தை ஜி.எம். ஆடித் தொடங்கிவைப்பார் என்று ஏற்பாடு. இந்த மாதிரி சமயங்களில் எல்லோருக்கும் முறை தெரியும். மெதுவாக ஒரு பந்து போட வேண்டும், பெரியவர் லேசாகத் தட்ட வேண்டும், நாம் கைதட்ட வேண்டும். டென்னிஸ் பால்தான். எங்கள் கேப்டன் என்கிற முறையில் வளர்மதி போட்டாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிதான் போட்டாள்.

ஜி.எம். பேட்டைச் சுழற்றினார். பேட் சுழன்றது, மணிக்கட்டு சுழலவில்லை. பந்து உருண்டு போய் நடு ஸ்டம்பைத் தொட்டது. ஸ்டம்ப் யோசித்துவிட்டு விழுந்தது.

கைதட்டுவதற்கென்று வைத்திருந்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, அம்பயர் உலகம் தெரிந்தவர்.

"டிரையல் பால் சார்" என்றார்.

இரண்டாவது பந்து. இன்னும் மெதுவாக. அதுவும் ஸ்டம்புக்கே போனது. வளர்மதிக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியமா நான் வோணும்னு போடலக்கா" என்று என் பக்கம் பார்த்து உதட்டை அசைத்தாள். பஸ் போச்சு என்று நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஜி.எம். பந்தைப் பார்க்கவில்லை, ஸ்டம்பைப் பார்க்கவில்லை. பேட்டின் பிடியைப் பார்த்தார். கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார்.

"கிரிப் சரியில்ல" என்றார். "யார் போட்டது இது?"

சேகர் சார் ஆகாயத்தைப் பார்த்தார்.

"உடனே மாத்துங்க. மாத்தறதுக்கு என்ன வேணும்?"

"மெஷின் வேணும் சார்" என்று யாரோ ஒரு விசுவாசி சொன்னார்.

நான் கைப்பையைத் திறந்து மரக் கூம்பையும் கிரிப்பையும் எடுத்து வெளியே வைத்தேன். கம்பெனி வரவில் இல்லாத சாமான், ஆகையால் கேட்டில் யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நாளும் அவை என் குடைக்கும் பைபிளுக்கும் நடுவில் இருந்தன.

சேகர் சார் கிளிப்பைக் கழற்றினார், தான் மாட்டிய ஹோஸைத் தானே பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். ஒரு பெண்ணின் பையிலிருந்து பவுடர் வாங்கிக் கூம்பில் தூவினார். கிரிப்பை வளையமாகச் சுருட்டி ஏற்றி, பேட்டின் தலையில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் உருட்டி இறக்கினார். ரப்பர் சுருக்கமில்லாமல் கீழே வந்து நின்றது. மைதானம் முழுக்க பவுடர் வாசனை. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே தீர்ந்தது.

வளர்மதி பேட்டை வாங்கிப் பிடித்தாள். விரல்கள் முழுதாகச் சுற்றின.

தோற்றோம்

தோற்றோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் வயிறு எரிகிறது. வளர்மதி அப்படி ஆடினாள். ஒரு பந்து ஏரிக்கரை வரைக்கும் போனது. ஆனால் அவளுக்கு ஜோடியாக வந்தவர்கள் எல்லாம் அவள் ஓடும் பக்கமே ஓடினார்கள். லைனில் எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்து பழகியவர்கள், என்ன செய்ய? ஒவ்வொருவராக ரன் அவுட். இரண்டே ரன்னில் கோப்பை எதிரணிக்குப் போனது.

ஜி.எம். ஆறுதலாகக் கேசரி வாங்கிக்கொடுத்தார். பஸ் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கோப்பையோடு வந்தால்தானே?

திரும்பும்போது வேனில் வளர்மதி ஐ.டி. கார்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே வந்தாள். புதுவாயலில் இறங்கும்போது, "பொங்கலுக்கப்புறம் உன்னப் பாக்க ஸ்டோருக்கு வர்றதுக்கு வுடுவாங்களாக்கா?" என்று கேட்டாள். திட்டிவிட்டேன். "வாய மூடிக்கினு ஊட்டுக்குப் போடி" என்றேன்.

பிரபாகர் எழுதிய கதை

எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி பிரபாகர் நல்ல கற்பனைவளம் உள்ளவர். கம்பெனியின் மாதப் பத்திரிகையை அவர்தான் எழுதுகிறார். தோல்வியைப் பற்றி எழுதக் கூடாது என்பதால் வேறு விஷயம் எழுதினார். போட்டோவில் வளர்மதி பேட்டோடு நின்றாள். கீழே இப்படிப் போட்டிருந்தார்: எங்கள் வீராங்கனைகள் கம்பெனி பேட்டைத் தினமும் வீட்டுக்கு எடுத்துச்சென்று பயிற்சி செய்கிறார்கள்.

சுத்தப் பொய். போட்டி நாளைத் தவிர அந்த பேட் என் ஆணியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் ஹெட் ஆபீசில் படித்துவிட்டு உருகிவிட்டார்களாம். பெண் முன்னேற்றம் என்றால் இதுதான், தொடர்ந்து போட்டோ அனுப்புங்கள் என்று பாராட்டு வந்தது.

மறுநாள் வளர்மதி பத்திரிகையோடு ஜன்னலுக்கு வந்தாள். டோக்கனை என் முன்னால் வைத்தாள்.

"புக்குல போட்டுக்கிறாங்கோ, தெனம் ஊட்டுக்கு எட்த்துக்கினு போறோம்னு. பேட்ட குடுக்கா."

"பிராக்டிஸுக்கா?"

"ஆமா" என்றாள். சிரிக்கவில்லை.

எனக்குப் புரிந்தது. டோக்கனை ஆணியில் மாட்டினேன், பேட்டைக் கொடுத்தேன். செக்யூரிட்டி தடுத்தபோது அவள் பத்திரிகையைக் காட்டினாள். அச்சில் வந்ததை மறுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

அன்றிலிருந்து இரண்டாம் ஷிப்ட் முடிந்து, தோளில் பேட்டோடு அவள் புதுவாயலிலிருந்து நடந்தாள். ஒயின் ஷாப் வாசலில் சும்மா நின்று கிரிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாளாம். அவ்வளவுதான். பின்னால் வந்துகொண்டிருந்தவன் அப்புறம் வரவில்லை. காலனிப் பெண்கள் இன்னும் சிலர் அவளோடு சேர்ந்து நடந்தார்கள்.

"இப்ப பயமில்லையாடி?" என்றேன்.

"கீது. ஆனா பேட்டும் கீது" என்றாள்.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. உழைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பொம்பளைக்குத் துணைக்கு ஒரு கட்டைதானா?

ஏழுமலைக்கு அது போதவில்லை. "ஒரு நாள் எவன்னா அந்தப் பேட்டையே புடுங்கிக்கினா இன்னா பண்ணுவ?" என்று கேட்டானாம். நியாயமான கேள்வி. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

பொறுப்பான ஆள்

ஹெட் ஆபீஸ் ஆடிட்டர் காலையில் வந்தார். நேராக என் ஸ்டோர். ஆணிகளைப் பார்த்தார். ஒரு ஆணியில் டூலுக்குப் பதில் டோக்கன்.

"இந்த ஆள் நேத்து ஷிப்ட் முடிஞ்சு போயாச்சே. டூல் எங்க?"

"வீட்ல சார்" என்றேன்.

"எந்த வண்டில போச்சு?"

"கூட்டுரோட்லேர்ந்து நடந்து போச்சு சார்."

ஆடிட்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஜி.எம். அறையில் உடனே கூட்டம். கம்பெனிப் பொருள், நம்பர் போட்ட பொருள், இருட்டில், நடுரோட்டில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். வழியில் ஒயின் ஷாப் இருக்கிறதாம், லாரிகள் நிற்கின்றனவாம், ஆள் நடமாட்டம் இல்லையாம். பேட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆடிட்டர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எங்கள் மனுக்களில் இருந்த அதே வரிகள். ஜி.எம். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பேட்டை வெளிய அனுப்பறத நிறுத்திடலாம்" என்றார்.

பிரபாகர் பதறிவிட்டார். "சார், ஹெட் ஆபீஸ்ல அடுத்த போட்டோ கேட்டிருக்காங்க சார்."

நான் எழுந்து நின்றேன்.

"ரூல்ல வழி இருக்கு சார். கம்பெனி வண்டில அனுப்பலாம். கூட ஒரு பொறுப்பான ஆள்."

"காலனிக்குள்ள பஸ் திரும்புமா?" என்று கேட்டார் ஜி.எம்.

"திரும்பும் சார்" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. சேகர் சார். "நான் போய்ப் பார்த்தேன். தாராளமா திரும்பும்." ஜி.எம். முன்னால் அவர் வாய் திறந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சரி, பொறுப்பான ஆள் யாரு?"

"டோக்கன் யாரோடதோ அவங்கதான் சார்" என்றேன்.

ஜி.எம். கையெழுத்துப் போட்டார். ஆடிட்டர் நிம்மதியாக வடை சாப்பிட்டார்.

பொங்கல் வந்து போய்விட்டது. வளர்மதி வேலையில் இருக்கிறாள். இரண்டாம் ஷிப்ட் நாட்களில் பஸ் காலனி வரைக்கும் போகிறது. மற்ற பெண்களும் அதிலேதான் ஏறுகிறார்கள், பேட்டுக்கு மேலும் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிப் கொஞ்சம் நைந்தாலும் சேகர் சார் கூம்போடு வந்துவிடுகிறார். கூம்புக்கு இப்போது டிராயிங் நம்பர் கிடைத்துவிட்டது.

கேட்டில் டிரைவர் தினமும் கேட்பதை வளர்மதி எனக்கு நடித்துக் காட்டுவாள். என்ஜினை ஆன் செய்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பாராம்.

"பேட்டு ஏறிச்சா?"

"ஏறிச்சுண்ணா."

பஸ் கிளம்பிவிடும். வளர்மதி ஏறினாளா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.